கேட்கும் பாட்டும் கேட்க வேண்டிய கேள்வியும்

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காதால் கேட்பதும் கேட்டல். வாயால் வினவுவதும் கேட்டல். வள்ளுவப் பெருந்தகை ‘கேள்வி’ என்று ஒரு தனி அதிகாரமே வகுத்து, செவி வழியாக வரும் அறிவைப் போற்றினார். ஆயினும் நாள்தோறும் நம் காதில் விழும் பாட்டைப் பொறுத்தவரை நாம் முதல் வேலையோடு நின்றுவிடுகிறோம். இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறோம்.

மாணவச் செல்வியரே! “இப்போது என்ன பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறாய்?” என்று தோழி கேட்டால் உடனே விடை சொல்வீர்கள். “ஏன் அந்தப் பாட்டு?” என்று அடுத்த கேள்வி வந்தால்? “நல்லா இருக்கு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லப் பழகுவதும் ஒரு கல்வியே. அக்கல்விக்கு வேண்டிய பாடங்கள் நம் காரைக்கால் மண்ணிலேயே இருக்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அம்மையார் தந்த பாடம்

நம் ஊரின் பெயரைத் தம் பெயராகவே கொண்டவர் காரைக்கால் அம்மையார். வணிகர் குடியில் பிறந்த அவருடைய இயற்பெயர் புனிதவதி. அறுபத்துமூன்று நாயன்மாருள் பெண்கள் மூவர். அம்மூவருள் இவர் ஒருவர். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் நடைபெறும் மாங்கனித் திருவிழா இவர் வரலாற்றையொட்டியதே என்பதை நம் ஊரில் எச்சமயத்தாரும் அறிவர்.

திருவாலங்காட்டைப் பற்றி அம்மையார் பாடிய பதிகங்கள் இரண்டு. திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர் ஆகியோருக்கும் முற்பட்டவை ஆதலால் அவை ‘மூத்த திருப்பதிகம்’ எனப்படுகின்றன. ஒன்று நட்டபாடைப் பண்ணிலும் மற்றொன்று இந்தளப் பண்ணிலும் அமைந்தவை. அவற்றுள் ஒரு பாட்டில், இறைவன் ஆடும்போது ஒலித்த இசையை அவர் விவரிக்கிறார். “இனிய இசை ஒலித்தது” என்று பொதுவாகச் சொல்லி அவர் விலகிவிடவில்லை. சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். வீணை, மத்தளம், துந்துபி, குடமுழா என்று பத்துக்கும் மேற்பட்ட இசைக்கருவிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். எந்த ஒலி எதிலிருந்து வருகிறது என்று பிரித்துக் கேட்ட காது அது. கையில் தாளம் ஏந்தி அமர்ந்த கோலத்தில் சோழர் காலச் சிற்பிகள் அவரைச் செப்புத் திருமேனியாக வடித்தனர். அத்தகைய திருமேனி ஒன்று இன்று அமெரிக்காவில் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

நட்டபாடைப் பண்ணை இன்று கம்பீரநாட்டை இராகம் என்று இசைவாணர் வழங்குவர். கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாதசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரியும் அதே கம்பீரநாட்டைதான். தெருவில் மல்லாரி கேட்கும்போது, நம் ஊர்ப் பெண்மணி ஒருவர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னே பாடிய பண்ணைத்தான் கேட்கிறோம் என்று அறிந்தால், அதே ஓசை நமக்கு வேறாக ஒலிக்குமன்றோ? அறிந்து கேட்பதற்கும் அறியாமல் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கடல் கடந்து வந்த குரல்

இனி, உங்கள் தாய்மார், பாட்டிமார் இளமைக் காலத்துக்கு வருவோம். வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. நம் கடற்கரையோர ஊர்களில் அன்று பெரிதும் விரும்பிக் கேட்கப்பட்டது இலங்கை வானொலி.

இதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் ஆற்றல் மிக்க ஒலிபரப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கை அரசிடம் வந்தது. 1949-இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயரும், 1967-இல் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்ற பெயரும் ஏற்பட்டன. தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். காரைக்காலுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, 440 கிலோமீட்டர் தொலைவில் கொழும்பு இருக்கிறது. யாழ்ப்பாணமோ அதில் மூன்றிலொரு பங்குத் தூரமே. மத்திய அலை ஒலிபரப்பு, வறண்ட நிலத்தைவிட உப்புநீரின்மேல் வலுக் குறையாமல் நெடுந்தூரம் செல்லும் இயல்புடையது. எனவே கொழும்பின் குரல் நம் கரையில் தெளிவாகக் கேட்டது.

மற்றொரு காரணம் மனிதர் செய்தது. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்களின் இசைச் சுவையை உயர்த்த எண்ணி, அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். அவர் நோக்கம் நல்லதே. ஆனால் நடந்தது என்ன? நேயர்கள் திரைப்பாட்டை மறக்கவில்லை. பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஐந்தாண்டுகளுக்குப்பின், 1957 அக்டோபர் 3-ஆம் நாள், அகில இந்திய வானொலியே ‘விவித பாரதி’ என்ற மெல்லிசை ஒலிபரப்பைத் தொடங்கி அந்நேயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களான மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் பெயர்களை இன்றும் பெரியோர் அன்புடன் சொல்வார்கள். ‘நேயர் விருப்பம்’ போன்ற நிகழ்ச்சிகளுக்கு மக்கள் அஞ்சலட்டை எழுதுவார்கள். தமக்கு வேண்டிய பாட்டு, அதன் படம், அதனோடு வீட்டார் அனைவரின் பெயர், ஊரின் பெயர். பாட்டு வருவதற்கு முன் பெயர்கள் வாசிக்கப்படும். தம் பெயரும் தம் ஊர்ப் பெயரும் கடலுக்கு அப்பாலிருந்து ஒலிக்கக் கேட்டவர் அன்று அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வட இந்தியாவிலும் இதே நிலைதான். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ஜும்ரி தெலையா என்னும் சிற்றூர், மைக்கா சுரங்கத்தைவிடத் தன் நேயர்கள் ஓயாது எழுதியனுப்பிய பாட்டு வேண்டுகோள்களாலேயே நாடெங்கும் பெயர் பெற்றது.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? பாட்டை விரும்பியவர் தம் விருப்பத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. “இது எனக்குப் பிடித்த பாட்டு, நீங்களும் கேளுங்கள்” என்று ஊரறியப் பகிர்ந்துகொண்டார். ஆயினும் அஞ்சலட்டையில் இடம் குறைவு. ஒலிபரப்பில் நேரம் குறைவு. ‘ஏன்’ என்பதை அதில் எழுத இயலாது. அக்குறையை ஓரளவு தீர்த்தது ‘இசையும் கதையும்’ என்ற நிகழ்ச்சி. நேயர் எழுதிய கதையின் இடையிடையே பொருத்தமான பாடல்கள் வரும். எந்தச் சூழலில் எந்தப் பாட்டு மனத்தைத் தொடும் என்று சிந்தித்தாலன்றி அப்படி ஒரு கதை எழுத முடியாது.

பிரிட்டனில் பி.பி.சி. வானொலி 1942 ஜனவரி 29-இல் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது இன்றும் நடைபெறுகிறது. “ஆளில்லாத் தீவில் நீர் தனியே ஒதுங்க நேர்ந்தால் எந்த எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோவீர்? ஏன்?” என்று ஒவ்வொரு வாரமும் ஒரு விருந்தினரைக் கேட்பார்கள். (திருவிவிலியம் அத்தீவில் முன்னமே இருப்பதாகக் கொள்வார்கள்!) விருந்தினர் புகழ்பெற்றவராய் இருப்பார். ஆனால் அவரை நாம் மனிதராக அறிந்துகொள்வது அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு அவர் சொல்லும் விடையில்தான்.

‘ஏன்’ என்பதற்கு ஐந்து விடைகள்

ஒரு பாட்டு பிடிப்பதற்குரிய காரணங்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது மெட்டு. சொல் தெரியாவிட்டாலும் மெட்டு நம்மை இழுக்கும். மேலே கூறிய மல்லாரிக்குச் சொல்லே கிடையாது.

இரண்டாவது சொல். மயிலாடுதுறையில் மாவட்ட முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலை எழுதியவர். பெண் கல்விக்காக வாதாடியவர். 1878-இல் வெளிவந்த அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யில் இறைவனை எச்சமயத்தாரும் தம் இறைவனாக எண்ணிப் பாடத்தக்க சொற்களை அமைத்தார். கர்நாடக இசை மேடைகளில் பிற சமயத்தார் அவற்றை மனமுவந்து பாடுவதற்கு அச்சொற்களே காரணம்.

மூன்றாவது குரல். நமக்குத் தெற்கே அண்டை ஊராகிய நாகூரின் பெயரால் அறியப்பட்டவர் இசைமுரசு ஈ.எம். ஹனிபா (1925 – 2015). ஒலிபெருக்கி தேவையில்லை என்னும்படி ஓங்கி ஒலித்த அக்குரலுக்காகவே அவருடைய இசுலாமியப் பாடல்களைக் கேட்ட இந்துக்களும் கிறித்தவர்களும் ஏராளம்.

நான்காவது கருவியும் தாளமும். தவில் ஒலி கேட்டதும் சிறு பிள்ளையின் கால் தானே ஆடுவது இதனால்தான்.

ஐந்தாவது நினைவு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடமளித்தது. அதற்குமுன் வளர்ந்த பாட்டிமார் சிலர் இலத்தீன் கீதங்களை இன்றும் மெல்லப் பாடக் கேட்கலாம். சொல்லின் பொருள் முழுவதும் தெரியாமலே சிறுமியாய்க் கற்ற பாட்டு அது. அவர்களுக்கு அதில் ஒலிப்பது தம் இளமை. தம் தாயோடு முழந்தாளிட்ட ஆலயம். அவ்வாறே ஆகஸ்ட் கடைசியில் நம் சாலை வழியே காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் பாடும் மாதா பாடல்களும். நடந்து களைத்தவருக்கு அப்பாட்டின் பொருள் வேறு. வாசலில் நின்று கேட்பவருக்கு வேறு.

“நல்லா இருக்கு” என்னும் போது இந்த ஐந்தில் எது நன்றாயிருக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தருமபுரத்தில் எழுந்த வினா

காரணம் சொன்னால் மட்டும் போதாது. அது சரியான காரணமா என்றும் ஆராய வேண்டும். இவ்வினா எழுந்த இடமும் நம் காரைக்காலை ஒட்டிய தருமபுரமே. (மயிலாடுதுறைக்கு அருகில் ஆதீனம் உள்ள தருமபுரம் வேறு.)

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஊர்தோறும் பதிகம் பாடி வந்தார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன் சென்று அப்பதிகங்களை யாழில் வாசித்து வந்தார். தருமபுரம் யாழ்ப்பாணருடைய தாய் பிறந்த ஊர். அவ்வூருக்கு இருவரும் வந்தபோது உறவினர் பெருமை பொங்க, “பிள்ளையாரின் பாட்டு எங்கும் புகழ் பெறுவது உம் யாழினால் அன்றோ!” என்ற கருத்தில் பேசினர். யாழ்ப்பாணர் மகிழவில்லை, நடுங்கினார். உண்மையை உறவினர் உணருமாறு, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளும்படி சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார். யாழ்ப்பாணரால் அதை நரம்பில் வாசிக்க இயலவில்லை. மனம் வருந்தி அவர் யாழையே உடைக்க முற்பட்டார். சம்பந்தர் தடுத்து, அதைக் கையில் வாங்கி, மீண்டும் அவரிடமே கொடுத்து, இயன்றவரை வாசித்து வருமாறு கூறினார். யாழ்மூரிப் பதிகம் என்று பெயர் பெற்ற அப்பதிகத்தின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். அக்கோயில் இறைவனுக்கும் யாழ்மூரிநாதர் என்றே பெயர்.

இதை இசைப் பாடமாக மட்டும் பார்ப்போம். உறவினர் பாட்டைப் புகழ்ந்தனர், காரணமும் சொன்னார்கள். ஆனால் அக்காரணம் இசையிலிருந்து பிறக்கவில்லை. ‘நம்மவர்’ என்ற பாசத்திலிருந்து பிறந்தது. நாமும் அப்படித்தான். நமக்குப் பிடித்த நடிகர் படப்பாட்டு என்பதற்காகவோ, வகுப்பில் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதற்காகவோ ஒரு பாட்டைப் புகழ்கிறோம். கருவியின் அழகு எங்கே முடிகிறது, பாட்டின் அழகு எங்கே தொடங்குகிறது என்று யாழ்ப்பாணர் தம் பெருமையையே பணயம் வைத்துச் சோதித்தார். யாழும் உடையவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணத்தைச் சோதிப்பது பாட்டை வெறுப்பதற்காக அன்று.

புனித அகுஸ்தீனாரின் தயக்கம்

இதே வினா உலகின் மறுபக்கத்திலும் எழுந்திருக்கிறது. 387-இல் மிலான் நகரில் புனித அம்புரோசியாரிடம் திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீனார், அந்நாட்களில் ஆலயத்தில் பாடக் கேட்டுக் கண்ணீர் வடித்தார். பின்னாளில் ஆயராகி, தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் பகுதியில், தம்மையே விசாரிக்கிறார். தம்மை அசைப்பது பாடப்படும் பொருளா, பாடும் ஓசையா? ஓசையே பொருளைவிட அதிகமாய் அசைக்கும்போது தாம் தவறுவதாகவும், அப்போது பாட்டைக் கேளாதிருப்பதே மேல் என்றும் வருந்துகிறார். இன்னிசையை ஆலயத்திலிருந்தே நீக்கிவிடலாமா என்றும் ஒரு கணம் எண்ணுகிறார். ஆனால் தாம் முன்பு சிந்திய கண்ணீரை நினைவுகூர்ந்து, ஆலயத்தில் பாடும் வழக்கம் நல்லதே என்ற பக்கம் சாய்கிறார்.

எவ்வளவு நேர்மையான விசாரணை! அவர் பாட்டைத் தள்ளவும் இல்லை. தம்மைக் கேள்வி கேளாமல் விடவும் இல்லை.

இதிலிருந்து நமக்கொரு எளிய சோதனை கிடைக்கிறது. நீங்கள் விரும்பும் பாட்டின் சொற்களை ஒரு தாளில் எழுதி, மெட்டில்லாமல் உரைநடைபோல் உரக்க வாசியுங்கள். உங்கள் தங்கையின்முன் கூசாமல் வாசிக்க முடிகிறதா? பெண்ணை இழிவாகவோ விளையாட்டுப் பொருளாகவோ பேசும் சொற்கள், நல்ல தாளத்தின் மறைவில் நம் வாயிலேயே புகுந்து நாமே முணுமுணுக்கும்படி ஆகிவிடுவது உண்டு. “தாளம்தான் பிடிக்கும் டீச்சர், வரியைக் கவனிக்கவில்லை” என்று மாணவியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மையே. ஆனால் கவனியாத சொல்லும் மனத்தில் தங்கும். பிறகு சொற்களை விட்டு மெட்டை மட்டும் முனகிப் பாருங்கள். எது நிற்கிறது, எது விழுகிறது என்று உங்களுக்கே விளங்கும். முடிவை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிராது.

பெற்றோருக்கு ஒரு சொல்

இப்போது 1952-ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். ஒரு நாட்டின் அமைச்சர் போட்ட கட்டுப்பாட்டையே மக்கள் பெட்டியின் முள்ளைத் திருப்பிக் கடந்துவிட்டார்கள். இன்று ஒவ்வொரு பெண்ணின் காதிலும் தனித்தனியே ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. அன்று வீட்டுக்கு ஒரு பெட்டி. பாட்டு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கூடத்தில் அனைவரும் சேர்ந்தே கேட்டோம். மகள் எதைக் கேட்கிறாள் என்று தாய் அறிவாள். இன்று ஒரே பாயில் அமர்ந்து இருவர் இரண்டு பாட்டுக் கேட்கிறார்கள். கைப்பேசியில் ஒரு பாட்டை நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். காரணத்தை மட்டும் யாரும் அனுப்புவதில்லை.

“எந்நேரமும் என்னடி பாட்டு? படிப்பைப் பார்!” என்று தாய் அதட்டினால், மகள் ஒலியைக் குறைத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவாள். “என்ன பாட்டு அது? எனக்கும் ஒரு தடவை போடேன், கேட்போம்” என்று தாய் சொன்னால், முதலில் மகள் தயங்குவாள், பிறகு போடுவாள். பாட்டு முடிந்ததும், “இதிலே உனக்கு எது பிடிச்சது?” என்று கேளுங்கள். குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பிறகு உங்கள் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டு, அது ஏன் உங்களுக்குப் பிடித்தது என்று நீங்களும் சொல்லுங்கள். மகள் அறியாத உங்கள் இளமை அப்பாட்டோடு அவளிடம் போய்ச் சேரும். மனத்துயரில் இருக்கும் பெண் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் அவள் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு சொல்லும். அன்போடு ‘ஏன்’ என்று கேட்ட தாய்க்கே அது புலப்படும்.

மாணவியரே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பெரியோர் கேட்கும்போது “உங்களுக்குப் புரியாதும்மா” என்று ஒதுக்கிவிடாதீர்கள். புரியும்படி சொல்ல முடியாத விருப்பத்தை நீங்களே இன்னும் முழுதும் புரிந்துகொள்ளவில்லை என்பதே பொருள்.

பயிற்சி

விடுமுறையில் செய்து பாருங்கள்.

1. உங்களுக்கு மிகப் பிடித்த மூன்று பாடல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் யாரென அறிந்து எழுதுங்கள்.

2. மெட்டு, சொல், குரல், கருவி, நினைவு ஆகிய ஐந்தில் எதனால் அப்பாட்டு பிடித்தது என ஐந்து வரிகளில் எழுதுங்கள். ‘நல்லா’, ‘சூப்பர்’ என்ற சொற்களுக்கு அனுமதி இல்லை.

3. பாட்டி அல்லது தாத்தாவிடம் அவர்கள் இளமையில் விரும்பிக் கேட்ட ஒரு பாட்டைக் கேட்டு, அதற்குரிய காரணத்தை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

4. வேற்றுச் சமயத்துத் தோழி ஒருத்தியின் வீட்டில் பாடப்படும் பக்திப் பாட்டு ஒன்றைக் கேட்டு, அதன் பொருளை அவளிடமே விளக்கச் சொல்லுங்கள்.

5. நம் தெருவில் மாலை ஆறு மணிக்குக் கேட்கும் ஒலிகளை, ஆலய மணி, பள்ளிவாசல் பாங்கு, கோயில் நாதசுரம், கடற்காற்று எதுவாயினும், அம்மையாரைப்போல் ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பெயரிட்டு எழுதுங்கள்.

எழுதியதை வகுப்பில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுங்கள். ஒருத்தியின் விருப்பத்தைக் கேட்டு மற்றவர் சிரிக்கக் கூடாது என்பது மட்டுமே இதற்கு விதி. பள்ளியை விட்டுப் பிரிந்து சென்ற பின்னும், ஒரு பாட்டு எங்கோ ஒலிக்கக் கேட்டு, “இது அவளுக்குப் பிடித்த பாட்டு, அதற்கு அவள் சொன்ன காரணம் இது” என்று தோழியை நினைக்கும் பேறு உங்கள் அனைவருக்கும் கிட்டுவதாக!